கடல் கடந்த பெயர்கள் – 7: திரும்பி வந்தவர்கள் சொன்னது

முன்கதைச் சுருக்கம்: 1860 அக்டோபரில் சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், ஐந்து வாரம் கடலில் கழித்து, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் 342 பேர். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. மாதம் 10 ஷில்லிங் சம்பளம். அரிசி, பருப்பு, கருவாடு, எண்ணெய், உப்பு முதலாளி தர வேண்டும். பத்து ஆண்டு அந்த நாட்டில் இருந்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல். அந்த 342 பேரில் ஒருவர், பம்பாயின் செம்பூர் சேடா நகரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் முன்னோர். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரைச் சொல்லாமல் 'பெரியவர்' என்றே இத்தொடரில் எழுதி வருகிறோம்.

*

போன வாரம் ஒரு முரண்பாட்டோடு நிறுத்தியிருந்தோம்.

டர்பனிலிருந்து வந்த உறவினர்கள் கொண்டுவந்த பதிவேட்டு நகலில் பெரியவரின் பதிவு எண் இருக்கிறது. மூன்று இலக்க எண், 342-க்குக் கீழே. நேட்டால் அரசு ட்ரூரோவில் வந்தவர்களிடம் ஒன்றாம் எண்ணில் தொடங்கி, 1911-ல் கடைசிக் கப்பல் வந்து சேரும்வரை வரிசையாக எண் கொடுத்துக்கொண்டே போனது. ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய வரிசை அது. ஆகவே எண் கையில் இருந்தால் எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். டர்பன் உறவினர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள்: "அவர் இங்கேயே வாழ்ந்து, இங்கேயே இறந்தார். நாங்கள் அவர் வம்சம்."

சேடா நகர்ப் பாட்டி சொல்வது வேறு. அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பிறந்தது வட ஆர்க்காட்டில், வாழ்க்கைப்பட்டது பம்பாயில். "எங்க தாத்தாவுக்கு அவரு பெரியப்பா. நேட்டாலுக்குப் போனவரு திரும்பி வந்தாருன்னு தாத்தா வாயால நானே கேட்டிருக்கேன். வந்தவரு ஊர்ல நிக்கல. அவ்வளவுதான் தெரியும்."

இரண்டு பேரும் பொய் சொல்லக் காரணம் இல்லை. இரண்டு கூற்றும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இதற்கு விடை தேட, 1871-ம் ஆண்டுக்குள் போக வேண்டும். நேட்டால் தமிழர் வரலாற்றில் ட்ரூரோவைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதற்கு எதிர்த்திசையில் பயணம் செய்த கப்பலைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

*

முதலில் பத்தாண்டுக் கதையை வேகமாகக் கடந்துவிடுவோம்.

1860 முதல் 1866 வரை நேட்டாலுக்கு 6,400 பேருக்கு மேல் போனார்கள். ட்ரூரோவுக்குப் பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து 'பெல்வெடர்' வந்தது. அதில் காலரா புகுந்து வழியிலேயே பலர் மாண்டார்கள். பிறகு 'லார்டு ஜார்ஜ் பென்டிங்', 'டைபர்னியா', 'ஏர்ல் ஆஃப் ஹார்ட்விக்' என்று கப்பல்கள் தொடர்ந்தன. ஏறியவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தினர்.

1866-ல் எல்லாம் நின்றது. நேட்டாலில் பொருளாதாரம் சரிந்தது. சர்க்கரை முதலாளிகள் திவாலானார்கள். கூலியே கொடுக்க முடியாதவர்கள் புதுக் கூலிகளை எங்கே வரவழைப்பது? கப்பல்கள் நின்றுவிட்டன. ஏற்கெனவே வந்திறங்கியவர்கள் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். திவாலான தோட்டத்தில் மாதக்கணக்காகச் சம்பளப் பாக்கி. ஒப்பந்தம் முடியும்முன் வெளியேறினால் 'ஓடிப்போன கூலி' என்று பிடித்துச் சிறையில் அடைப்பார்கள்.

ஒப்பந்தக் காலம் முடிந்தவர்களில் சிலர் பிழைத்துக்கொண்டார்கள். டர்பன் நகரைச் சுற்றிக் காய்கறித் தோட்டம் போட்டார்கள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடுவீடாக விற்றார்கள். துறைமுகத்தை ஒட்டிய சாலிஸ்பரி தீவில் வலைவீசி மீன் பிடித்தார்கள். மற்றவர்கள் பத்தாவது ஆண்டு முடிவதற்காகக் காத்திருந்தார்கள்.

1871-ல் அந்தக் காத்திருப்பு முடிந்தது. 'ரெட் ரைடிங் ஹூட்' என்ற பாய்மரக் கப்பல் முதல் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு சென்னையை நோக்கிப் பாய் விரித்தது.

*

அந்த நாளில் சென்னையில் கப்பல் ஏறுவதும் இறங்குவதும் எப்படிப்பட்ட காரியம் என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்று நாம் காணும் துறைமுகம் அப்போது கிடையாது. அதைக் கட்டும் வேலையே 1870-களின் பிற்பகுதியில்தான் தொடங்கியது. ஆழ்கடலில், அலை உடையும் வரிசைக்கு அப்பால், கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே மசூலா படகுதான் ஓடும்.

மசூலா படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்குகளில் நார் திணித்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு சென்னை அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு அலைக்கு ஈடுகொடுத்து நெளியும். கரையோரத்து மீனவர்கள்தாம் அதை ஓட்டினார்கள். அலை எழும்பும் நேரம் பார்த்து, ஒரே குரலில் கத்திக்கொண்டு துடுப்பு வலிப்பார்கள். ஒரு நொடி தவறினால் படகு குறுக்காகத் திரும்பிக் கவிழும். 1860-களின் தொடக்கத்தில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது என்றாலும், மசூலாவின் காலம் அதோடு முடிந்துவிடவில்லை.

1860-ல் ட்ரூரோவில் ஏறியவர்கள் அந்த அலைகளைத் தாண்டித்தான் போனார்கள். கடலையே அதற்குமுன் கண்டிராத வட ஆர்க்காட்டு உழவர்கள், இடுப்பில் கைக்குழந்தையோடு பெண்கள், நாவிதர், தச்சர். 1871-ல் அதே அலைகளைத் தாண்டி எதிர்த்திசையில் வந்தார்கள். பத்தாண்டுக்கு மேல் கழிந்திருந்தது. போகும்போது இருபதில் இருந்தவர்களுக்கு இப்போது முப்பது தாண்டியிருந்தது. நேட்டாலில் பிறந்த பிள்ளைகளுக்குச் சென்னைதான் அயல்நாடு.

வழக்கமான கதையாக இருந்திருந்தால் அவர்கள் கரையிறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் ஊர்போய்ச் சேர்ந்திருப்பார்கள். வரலாறு அவர்களை மறந்திருக்கும்.

அவர்கள் அப்படிப் போகவில்லை. அதிகாரிகளிடம் முறையிட்டார்கள்.

*

வெளிநாடு போகும் கூலிகளைக் கவனிக்க ஒவ்வொரு துறைமுகத்திலும் அரசு ஒரு காப்பாளரை நியமித்திருந்தது. போகிறவர் தாமாக ஒப்புக்கொண்டுதான் போகிறாரா என்று விசாரிப்பது அவர் வேலை. திரும்பி வந்தவர்களின் முறையீடு அரசிடம் போயிற்று, வாக்குமூலங்கள் பதிவாயின.

அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கிறேன். முறையிட்டவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழிலோ தெலுங்கிலோ சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலமாக்குவார். எழுத்தர் எழுதிக்கொள்வார். சொன்னவர் கைநாட்டு வைப்பார். தாம் சொன்னதுதான் தாளில் இருக்கிறதா என்று சரிபார்க்க அவருக்கு வழியில்லை. அப்படியிருந்தும் அவர்கள் சொன்னதன் சாரம் தப்பித்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

என்ன சொன்னார்கள்?

அடித்தார்கள் என்றார்கள். தோட்டத்தில் சவுக்கடி வழக்கமாக இருந்தது.

சம்பளத்தைப் பிடித்தார்கள் என்றார்கள். காய்ச்சலில் படுத்த நாளுக்கும் பிடித்தம். மாதக் கடைசியில் கைக்கு வருவது பேசிய தொகை அல்ல. மாதக் கடைசியில் தராமல் பல மாதம் இழுத்தடித்த முதலாளிகளும் உண்டு.

நோயில் மருந்து இல்லை என்றார்கள்.

அடுத்ததாகச் சொன்னதுதான் என்னை அதிகம் உலுக்கியது. சென்னையில் ஆள் சேர்த்தபோது, பத்தாண்டு முடிந்தால் ஆளுக்குப் பத்துப் பவுண்டு வெகுமதி கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தார்கள். அது கிடைக்கவே இல்லை என்றார்கள்.

பத்துப் பவுண்டு என்றால் 200 ஷில்லிங். தொடக்கச் சம்பளக் கணக்கில் இருபது மாதக் கூலி. ஊர் திரும்பி ஒரு துண்டு நிலமோ ஓர் ஏர் மாடோ வாங்கலாம் என்று பத்தாண்டு நினைத்துக்கொண்டிருந்த பணம். கரும்பு வெட்டிய ஒவ்வொரு நாளும் அந்தத் தொகை அவர்கள் மனத்தில் இருந்திருக்கும். ஒப்பந்தத்தாளில் அது இல்லை. வாக்கு வாய்ப்பேச்சாக இருந்தது. சட்டத்துக்குத் தாள்தான் தெரியும்.

சேடா நகர்ப் பாட்டியிடம் இந்தப் பத்துப் பவுண்டு கதையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அதான் நிலம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனவரு வெறுங்கையோட வந்தாருன்னு தாத்தா சொல்லுவாரு. எனக்கு அப்போ வெவரம் புரியல" என்றார்.

*

கூலிகளின் முறையீடு புதிதல்ல. 1860-களிலேயே நேட்டாலில் பலர் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் முதலாளி பக்கமே நின்றார்கள். அப்படியிருக்க, 1871-ல் சென்னையில் கொடுத்த வாக்குமூலத்துக்கு மட்டும் ஒரு காலனியையே அசைக்கும் பலம் எங்கிருந்து வந்தது?

காரணம் வைரம்.

1860-களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் உட்பகுதியில், பின்னாளில் கிம்பர்லி என்று பெயர்பெற்ற இடத்தைச் சுற்றி, வைரம் கிடைத்தது. சுரங்க முதலாளிகள் தோட்டக்காரர்களைவிடப் பல மடங்கு கூலி கொடுத்தார்கள். ஆப்பிரிக்க உழைப்பாளிகள் அந்தப் பக்கம் போனார்கள். அவர்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன. வெள்ளையர் தோட்டத்தில் ஆண்டுக்கணக்காக அடிமைப்பட்டுக் கிடக்க அவர்கள் என்றுமே விரும்பியதில்லை. நேட்டால் இந்தியாவை நாடிய முதல் காரணமே அதுதான்.

இப்போது சர்க்கரைத் தொழிலும் மீண்டுகொண்டிருந்தது. ஆள் வேண்டும், உடனே வேண்டும். நேட்டால் அரசு இந்திய அரசிடம் கையேந்தியது: கதவைத் திற, கப்பல்களை அனுப்பு.

அந்த நேரம் பார்த்து ரெட் ரைடிங் ஹூட்டில் வந்தவர்களின் வாக்குமூலம் இந்திய அரசின் மேசைக்கு வந்து சேர்ந்தது. முதலில் எங்கள் ஆட்களை நீங்கள் நடத்திய விதத்தை விசாரியுங்கள், குறைகளைத் தீருங்கள், பிறகு பேசுவோம் என்று இந்திய அரசு நிபந்தனை போட்டது.

இந்திய அரசு திடீரென்று கருணை கொண்டது என்று நான் நம்பவில்லை. உலகெங்கும் அப்போது இந்த ஒப்பந்தக் கூலி முறையின்மேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் கயானாவில் 1870-ல் விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. மொரீஷியஸில் 1871 ஜூன் மாதம், ஒப்பந்தம் முடிந்த பழைய கூலிகள் 9,401 பேர் ஒரே மனுவில் கையெழுத்திட்டார்கள். அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற வெள்ளையர் ஒருவர் அவர்களுக்குத் துணை நின்றார். அடுத்த ஆண்டே அரச ஆணையம் அங்கே வந்தது. அந்த மனுவில் கைநாட்டு வைத்தவர்களிலும் தமிழர் உண்டு. அடிமை முறையை 1830-களில் ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டிய லண்டனுக்கு, அதே தோட்டங்களில் அதே சவுக்கு சுழல்கிறது என்ற செய்தி தொல்லையாக இருந்தது.

ஆனால் இவ்வளவும் நடந்திருந்தும் சென்னையில் இறங்கியவர்கள் வாய் திறக்காமல் போயிருந்தால், நேட்டாலுக்குக் கப்பல்கள் பழைய நிபந்தனைகளோடேயே ஓடத் தொடங்கியிருக்கும். இதை உறுதியாகச் சொல்வேன்.

*

1872. நேட்டால் அரசு வேறு வழியின்றி விசாரணை ஆணையம் அமைத்தது. இரண்டே உறுப்பினர்கள். ஒருவர் அரசு வழக்குரைஞர் மைக்கேல் கால்வே. மற்றவர் பானாஸ்டர் பிரைஸ் லாயிட் என்ற ராணுவ அதிகாரி.

'கூலி கமிஷன்' என்பதே அதன் பெயர். முதலாளிகளும் சாட்சி சொன்னார்கள், கூலிகளும் சொன்னார்கள்.

ஆணையம் முதலாளிகளைக் கழுவில் ஏற்றிவிடவில்லை. பல தோட்டங்களில் நிலைமை திருப்தி என்றும் எழுதியது. ஆனால் அடிப்படைக் குறைகளை மறைக்க முடியவில்லை. சட்டத்துக்குப் புறம்பான சம்பளப் பிடித்தம் உண்டு. மருத்துவ வசதி போதாது. சவுக்கடித் தண்டனையை நீக்க வேண்டும். கூலிகளைக் கவனிக்க இருந்த 'கூலி ஏஜென்ட்' பதவியால் பயனில்லை. அந்த இடத்தில் அதிகாரமுள்ள காப்பாளர் வேண்டும், அவருக்கு இந்திய மொழி தெரிந்திருக்க வேண்டும். அரசு ஆவணங்களில் 'கூலி' என்று எழுதுவதை விட்டு 'இந்தியக் குடியேறி' என்று எழுத வேண்டும்.

அதே 1872-ல் நேட்டால் 12-ம் எண் சட்டத்தை நிறைவேற்றியது. ஒப்பந்தத்தை மீறினால் சவுக்கடி என்ற விதி போயிற்று. 'இந்தியக் குடியேறிகளின் காப்பாளர்' பதவி வந்தது. இந்திய அரசு திருப்தி அடைந்தது. 1874-ல் கதவு மீண்டும் திறந்தது.

தோட்டத்தில் சவுக்கு ஒழிந்துவிட்டதா? இல்லை. அடுத்த நாற்பதாண்டு ஆவணங்களிலும் அடி உதைப் புகார்கள் நிறைந்து கிடக்கின்றன. 1894-ல் முதலாளியிடம் அடிபட்டு, பல் உடைந்து, ரத்தம் வழிய காந்தியின் அலுவலகத்துக்குள் நுழைந்த பாலசுந்தரம் என்ற தமிழரை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். காப்பாளர் என்ற பதவி இருந்தாலும், குடியேற்றச் செலவைக் கையாண்ட வாரியத்தில் தோட்ட முதலாளிகளே ஆதிக்கம் செலுத்தினார்கள். அவர்களை மீறி ஓர் அதிகாரி எவ்வளவு செய்ய முடியும்?

அப்படியானால் 1871-ல் சொன்ன சொல்லுக்கு என்ன பயன் என்று வாசகர் கேட்கலாம். பயன் இதுதான்: அதற்கு முன்பு தோட்டத்தில் அடிபட்டவருக்குப் போய்ச் சொல்ல, முதலாளி பக்கம் நின்ற மாஜிஸ்திரேட்டையும் பயனில்லாத ஏஜென்ட்டையும் தவிர, ஓர் இடம் இல்லை. அதற்குப் பின்பு சட்டப்படி ஓர் இடம் இருந்தது. பாலசுந்தரத்தின் வழக்கில் மாஜிஸ்திரேட்டிடம் போன பிறகு காந்தி காப்பாளரிடமும் போனார். காப்பாளர் மூலம்தான் பாலசுந்தரத்தின் ஒப்பந்தம் வேறு முதலாளிக்கு மாற்றப்பட்டது. அந்தப் பதவி நேட்டாலுக்கு வரக் காரணமாக இருந்தவர்கள் ரெட் ரைடிங் ஹூட்டிலிருந்து இறங்கிய பெயர் தெரியாத மனிதர்கள்.

*

இனி நம் பெரியவரிடம் வருவோம்.

முன்னோரைத் தேடும் வேலையில் ஒரு பெரிய சாய்வு இருக்கிறது. போனவர்களின் பட்டியல் கிடைக்கும். திரும்பியவர்கள் கண்ணில் படுவது அரிது. அதே காலத்தில் பாய்மரக் கப்பலில் ஆஸ்திரேலியா போன ஆங்கிலேயரும் ஐரிஷ்காரரும் இப்படித்தான். நியூ சவுத் வேல்ஸ் அரசு உதவியோடு வந்தவர்களின் பட்டியலில் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், மதம், படிக்கத் தெரியுமா என்பதுவரை இருக்கிறது. இன்று சிட்னியில் இருப்பவர் தன் பாட்டனின் பாட்டியை வீட்டிலிருந்தபடியே தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார். நம்மவர்களுக்கும் பட்டியல் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று கட்டங்கள் உண்டு. ஆனால் 1860-ன் முதல் கப்பல்களில் பல கட்டங்கள் காலியாகக் கிடக்கும். சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்றிருந்தால் கேரளத்துக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைய வெள்ளையர் தமிழரை மலபார் என்றும் தெலுங்கரை ஜெண்டு என்றும் எழுதினார்கள். பெயர்களோ அடையாளமே தெரியாமல் திரிந்திருக்கும். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். முதலி 'மூட்லி', கவுண்டர் 'கோவெண்டர்', நாயுடு 'நைடூ', குப்புசாமி 'கூப்சாமி'. தகப்பன் பெயர் அடுத்த தலைமுறையில் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது.

பம்பாயில் இருக்கும் நமக்கு இன்னொரு சிக்கல். செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் போய், காலா கோடாவில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் இயங்கும் மகாராஷ்டிர ஆவணக் காப்பகத்தில் கேட்டால் நேட்டால் கூலிகளைப் பற்றிப் பெரிதாகக் கிடைக்காது. அவர்கள் போன துறைமுகங்கள் சென்னையும் கல்கத்தாவும். பம்பாயிலிருந்து போனவர்கள் பெரும்பாலும் சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்த வணிகர்கள். 1896 டிசம்பரில் காந்தி வந்தபோது டர்பன் வெள்ளையர் இறங்கவிடாமல் மறித்த 'கூர்லண்ட்', 'நாடேரி' கப்பல்கள் பம்பாயிலிருந்து போனவைதாம். கூலித் தமிழரைத் தேடுகிறவர் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்கும்தான் போக வேண்டும்.

போனவர்களோடு நிற்காமல் திரும்பியவர்களையும் கணக்கில் எடுத்தபோதுதான் நம் தேடல் திசை திரும்பியது.

பெரியவர் 1860-ல் போனவர். பத்தாண்டு முடிந்து இலவசக் கப்பலுக்கு உரிமை பெற்ற முதல் ஆட்களில் அவரும் ஒருவர். பாட்டியின் தாத்தா சொன்னபடி அவர் ஊர் திரும்பியிருந்தால், ரெட் ரைடிங் ஹூட்டின் காலத்தோடு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

திரும்பியவர் ஏன் ஊரில் நிற்கவில்லை? கடல் கடந்தவரைச் சாதி ஒதுக்கிய காலம் அது. கையில் பணம் இல்லை. பங்காளிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஐந்தாண்டு கழித்து, 1876-ல், தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் பிடித்தது. வட ஆர்க்காட்டில் கிராமம் கிராமமாகச் சனங்கள் செத்தார்கள். ஏற்கெனவே கடல் கடந்த ஒருவருக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்த பாதை எதுவாக இருந்திருக்கும்?

இரண்டாம் முறை ஒப்பந்தம் எழுதிப் போனவர்களுக்கு நேட்டால் அரசு பழைய எண்ணைத் தராது. புது எண், புதுப் பதிவு. பட்டியலில் அவர் இன்னோர் ஆள்.

1870-களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து போன ஒரு கப்பலின் பட்டியலை டர்பன் உறவினர்கள் அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒரு வரி. அதே பெயர், அதே தகப்பன் பெயர், அதே தாலுகா. வயது 35 என்றிருக்கிறது. நம் பெரியவருக்கு அப்போது நாற்பதை நெருங்கியிருக்க வேண்டும். வயதானவரைக் கழித்துக்கட்டுவார்கள் என்பதால் குறைத்துச் சொல்லியிருக்கலாம். கடைசிக் கட்டத்தில் அங்க அடையாளம்: இடது கணுக்காலில் தழும்பு.

இந்த வரியைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். "தாத்தா இன்னொண்ணும் சொல்லுவாரு. திரும்பி வந்த பெரியப்பா காலை இழுத்து இழுத்து நடந்தாராம்" என்றார்.

தாலுகா ஒன்று, ஊர்ப் பெயர் மட்டும் மங்கலாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தாலுகாவில் அதே பெயரும் அதே தகப்பன் பெயரும் கொண்ட வேறொருவர் இருந்திருக்கவும் கூடும். டர்பனில் இறந்தவரும் வெறுங்கையோடு ஊர் திரும்பியவரும் ஒரே மனிதர்தானா? அந்த மங்கலான ஊர்ப் பெயரை வட ஆர்க்காட்டின் பழைய கிராமப் பட்டியலோடு ஒப்பிட்டு அடுத்த வாரம் பார்ப்போம்.

அதற்குள் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உங்கள் வீட்டில், கடல் கடந்து போன ஒருவரைப் பற்றிப் பெரியவர்கள் ஏதாவது சொல்லியிருந்தால், அவர் போன கதையோடு நிறுத்தாதீர்கள். திரும்பி வந்தாரா, வந்து என்ன சொன்னார் என்று கேளுங்கள். அவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், தாலுகா, ஊர் நான்கையும் இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.